ராகம் தெரியாவிட்டால் என்ன?



கொல்லிமலை எடப்புளி நாட்டிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். காபிப் பழம் பறிக்கிற மும்முரத்தில் தோட்டத்தை வீட்டுக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டு, சென்னையில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். மார்கழி மாதம். தெருக்கோடியில் சபா. மகள் டிக்கெட் வாங்கிக் கொடுக்க, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முழுக் கச்சேரியை உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

கடிதத்தில் பாதி சந்தோஷம். பாடகி ஒரே ஒரு வரியைத் திரும்பத் திரும்ப எடுத்து, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாதிரி பாடியதையும், வயலின்காரர் அதை அப்படியே பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனதையும் விவரித்திருக்கிறார். மிருதங்கச் சத்தம் மறுநாள் காலை வரைக்கும் காதிலேயே இருந்ததாம். நிரவல் என்ற சொல் அவருக்குத் தெரியாது. ஆனால் நிரவல் என்றால் என்ன என்பதை அவரைவிட அழகாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மீதிப் பாதி வருத்தம். பாடியது என்ன பாட்டு, யார் எழுதியது, எந்த மொழி என்று கடைசி வரை யாரும் சொல்லவில்லை. பக்கத்து சீட்காரரிடம் கேட்டதற்கு, "இது கூடத் தெரியாமலா வந்தீர்கள்?" என்று பதில் வந்ததாம். மிருதங்கக்காரர் தனியாக வாசிக்க ஆரம்பித்ததும் பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது. முன்வரிசை நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. ஆனாலும் பின்னால் நின்றவர்களை அங்கே உட்கார விடவில்லை.

கடைசியில் கேட்கிறார்: "ராகம் தெரியாதவர்கள் கச்சேரிக்குப் போகலாமா, கூடாதா?"

இந்த மாதம் இந்தப் பக்கம் முழுக்க அந்தக் கேள்விக்குத்தான்.

அம்மா, தாராளமாகப் போகலாம். போக வேண்டும். உங்களுக்கு ராகம் தெரியாது என்று சொன்னது யார்?

மார்கழி விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்காத ஊர் தமிழ்நாட்டில் உண்டா? எம்.எல். வசந்தகுமாரி பாடிய அந்த முப்பது பாசுரங்களும் நம் காதில் ஊறிக் கிடக்கின்றன. அவற்றுக்கு மெட்டமைத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். முதல் பாசுரம் நாட்டை ராகம். திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை அன்று ஆயிரம் குரல்கள் சேர்ந்து பாடுவதை வானொலியிலோ டி.வி.யிலோ கேட்கிறோமே, அந்தப் பஞ்சரத்ன கீர்த்தனைகளில் முதலாவதும் நாட்டைதான். சாமி புறப்பாட்டுக்கு நாயனத்தில் வாசிக்கிற மல்லாரி கம்பீர நாட்டை. அது நாட்டைக்கு நெருங்கிய சொந்தம்.

ஆக, நாட்டை உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதன் பெயர்தான் தெரியாது. பெயரைச் சொல்ல வேண்டியது மேடையில் இருப்பவர்களின் வேலை.

ராகம் நம் வீடுகளில் பெயர் சொல்லாமலே புழங்கிக்கொண்டிருக்கிறது. குழந்தையைத் தூங்க வைக்கிற பாட்டிகளிடம் நீலாம்பரியும் நவரோஜும் உண்டு. கல்யாண வீட்டு ஊஞ்சலிலும் உண்டு. 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் போட்டி போடுகிற அந்தப் பாட்டு 1962-ல் வந்தது. அதைக் கேட்டவர்கள் எல்லோருக்கும் ஆபேரி தெரியும். 'சிந்து பைரவி'யில் ஒரு பெண் பாடுகிற நாட்டுப்புற மெட்டு அப்படியே நழுவி தியாகராஜர் கீர்த்தனைக்குள் போய் நிற்கும். 1985-ல் தியேட்டரில் அதைப் பார்த்தவர்களுக்கு உடம்பு சிலிர்த்தது. அவர்களில் எத்தனை பேருக்கு அது சாரமதி ராகம் என்று தெரிந்திருக்கும்?

பெயர் தெரிந்தால் சந்தோஷம் கூடும், அதை நான் மறுக்கவில்லை. ஒரு ராகத்தை முதல் தடவையாக நாமே அடையாளம் கண்டுகொள்ளும் நாள் ஒரு திருநாள். ஆனால் அது கேட்டுக் கேட்டு வருவது. கேட்பதற்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அவர் வாசலை அடைக்கிறார் என்று அர்த்தம்.

இன்னொன்றும் சொல்கிறேன். கச்சேரி என்பதே உங்கள் மலைக்கு அந்நியமான விஷயம் போல எழுதியிருக்கிறீர்கள். தமிழில் நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய கச்சேரி வர்ணனைகளில் ஒன்று கொல்லிமலையைச் சேர்ந்தது!

புறநானூற்றில் 152-ஆம் பாட்டு. பாடியவர் வன்பரணர். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்த ஒரு வேட்டுவனைப் பாணர்கள் காட்டில் சந்திக்கிறார்கள். அவன் யாரென்று தெரியாது. இருந்தும் முழவைச் சரி செய்து, யாழில் பண் கூட்டி, இருபத்தொரு துறையும் முறையாகப் பாடி முடிக்கிறார்கள். முடிவில் 'கோ' என்று தலைவனை விளித்து வாழ்த்துகிறார்கள். கேட்டுக்கொண்டிருந்தவன்தான் அந்தத் தலைவன், கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி. தன் பெயரைக் கேட்டதும் அவனுக்கு வெட்கமாகிவிடுகிறது. அப்புறம் வேட்டையில் கிடைத்த இறைச்சியைச் சமைத்துக் கொடுத்து, மதுவும் கொடுத்து, தன் மலையில் விளைந்த பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுக்கிறான்.

அடுத்த பாட்டும் வன்பரணர் பாடியதே. ஓரி கொடுத்த விருந்தில் பாணர்கள் ஆடலையும் பாடலையும் மறந்தே போனார்கள் என்கிறது.

ஒவ்வோர் ஆடியிலும் 17, 18 தேதிகளில் கொல்லிமலையில் ஓரி விழா எடுக்கிறோம். வில்வித்தைப் போட்டி நடக்கிறது, மலர்க் கண்காட்சி நடக்கிறது. அறப்பளீஸ்வரர் கோயிலில் கூட்டம் நெருக்கித் தள்ளுகிறது. சேர்வை ஆட்டம் ஆடுகிறார்கள். எல்லாம் நல்லதுதான். ஓரியின் வில்லைக் கொண்டாடுகிற நாம் அவனுடைய காதையும் கொஞ்சம் கொண்டாடலாமே என்று எனக்குத் தோன்றும். யாரென்றே தெரியாத பாணர்கள் பாடியபோது கடைசி வரை நின்று கேட்டவன் அவன்.

புகழ்ந்தால் வெட்கப்பட்டான் என்ற இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நிற்பேன். இன்று கச்சேரி நடுவில் என்ன நடக்கிறது? நல்ல சுதியில் போய்க்கொண்டிருக்கும் கச்சேரியை நிறுத்திவிட்டு, நன்கொடையாளருக்கு ஒரு பொன்னாடை, தலைமை விருந்தினருக்கு ஒரு பொன்னாடை, அவர் பேச்சு, அதற்கு நன்றியுரை. பாடகரின் தொண்டை ஆறிப் போகிறது. தம்புரா மட்டும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். சபா நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நன்கொடை இல்லாமல் ஒரு நாள்கூட நடத்த முடியாது. கொடுத்தவருக்கு மரியாதை செய்ய வேண்டும். அதைக் கச்சேரி தொடங்கும் முன் செய்துவிடலாம் அல்லவா?

கொல்லி என்ற பெயரிலேயே ஒரு பண்ணும் இருக்கிறது. சூலை நோயால் துடித்த திருநாவுக்கரசர் திருவதிகையில் பாடிய முதல் பதிகம் கொல்லிப் பண்ணில் அமைந்தது. இன்றைக்கு ஓதுவார்கள் அதை நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். ஆமாம், மேலே சொன்னேனே, பாட்டிகள் தாலாட்டுகிற அதே நவரோஜ். உங்கள் அறப்பள்ளியும் தேவாரத்தில் பெயர் வருகிற வைப்புத்தலம்தான். பண்ணும் தலமும் கையில் இருக்கும்போது, செவ்வியல் இசை யாரோ சிலருடைய சொத்து என்று ஏன் ஒதுங்கி நிற்க வேண்டும்?

இனி, எழுந்து போன அந்தப் பாதிக் கூட்டத்துக்கு வருகிறேன். இது எனக்கும் நெடுநாளைய மனக்குறை.

தனி ஆவர்த்தனம் என்றால் காபி குடிக்கப் போகிற நேரம் என்று எப்போது முடிவானது? இரண்டு மணி நேரம் பாட்டுக்குத் துணையாக, பாடகர் எங்கே நிற்பார், எங்கே தாண்டுவார் என்று கூடவே வந்த ஒரு கலைஞருக்குத் தனக்கென்று கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிஷம். அந்தப் பதினைந்து நிமிஷத்தில்தான் அவர் எதிரே நாற்காலிகள் காலியாகின்றன. முதுகைக் காட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே அவர் வாசிக்க வேண்டும். எந்த வேலையிலாவது இதை நாம் பொறுத்துக்கொள்வோமா?

"கணக்கு புரியவில்லை" என்கிறார்கள். புரிந்துகொள்ளும் வழி ரொம்பச் சுலபம். பெரும்பாலும் தனி வருவது ஆதி தாளத்தில். தொடையில் ஒரு தட்டு, சுண்டு விரலிலிருந்து மூன்று விரல் எண்ணிக்கை. பிறகு ஒரு தட்டு, ஒரு வீச்சு, மறுபடியும் ஒரு தட்டு, ஒரு வீச்சு. மொத்தம் எட்டு. அதை விடாமல் போட்டுக்கொண்டிருங்கள். மிருதங்கம் எங்கெங்கோ போகும். கடம் இருந்தால் பதில் சொல்லும், கஞ்சிரா இருந்தால் மடக்கும். இருவரும் மாறி மாறி வாசிக்கிற அளவு பாதியாகும், கால்வாசியாகும், கடைசியில் சேர்ந்து வாசிப்பார்கள். ஒரு கோர்வையை மூன்று தடவை வாசித்து, பாட்டு எடுத்த இடத்தில் கச்சிதமாக வந்து விழும்போது உங்கள் கையும் அங்கேயே இருக்கும். அந்த நொடி தருகிற மகிழ்ச்சிக்கு எந்தப் பாட வாத்தியாரும் தேவையில்லை.

மிருதங்கத்தை எதில் செய்கிறார்கள் தெரியுமா? பலா மரத்தில். பண்ருட்டிப் பக்கத்துப் பலாவுக்கு இதில் தனி மதிப்பு. தஞ்சாவூர் வீணையும் பலாதான், தவிலும் பலாதான். கொல்லிமலையில் காபிக்கும் மிளகுக்கும் பக்கத்தில் பலா நிற்காத தோட்டத்தைத் தேட வேண்டும். உங்கள் வாசலில் நிற்கிற மரத்தின் ஜாதிதான் அந்த மேடையில் பேசுகிறது, அம்மா.

தோல் மூன்று வகை: பசு, எருமை, ஆடு. வலது பக்கக் கறுப்பு வட்டம் கிட்டக்கல் பொடியையும் சோற்றையும் சேர்த்துப் பிசைந்து, மெல்ல மெல்லத் தேய்த்து ஏற்றுவது. இடது பக்கம், அதாவது தொப்பியில், கச்சேரிக்கு முன் ரவையைக் குழைத்து அப்புகிறார்கள். நம் அடுக்களையில் இருக்கிற சோறும் ரவையும் இல்லாமல் மிருதங்கத்துக்கு நாதமே கிடையாது.

இதைச் செய்கிற கைகளைப் பற்றி நாம் பேசியதே இல்லை. மரம் கடைந்து, தோல் பதப்படுத்தி, வார் பிடிக்கிற குடும்பங்களில் பலர் தலித் கிறிஸ்தவர்கள். பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்தின் பெயர், மணி ஐயர் பெயர் தெரிந்த எத்தனை பேருக்குத் தெரியும்? டி.எம். கிருஷ்ணா 2020-ல் இவர்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதியபோது நிறையப் பேருக்கு அது புதுச் செய்தியாக இருந்தது. பாடகருக்கும் பக்கவாத்தியக்காரர்களுக்கும் நன்றி சொல்கிற மேடையில், வாத்தியம் செய்தவர் பெயரையும் ஒரு தடவை சொன்னால் சபாவின் மரியாதை கூடும்.

மணி ஐயர் என்றதும் மைக் நினைவுக்கு வருகிறது. மைக் இல்லாத கச்சேரிதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அவர். எல்லாக் கச்சேரியும் அப்படி நடக்க முடியாது. பெரிய அரங்கில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும், வயதானவர்களுக்கும் கேட்க வேண்டும். ஆனால் இருநூறு பேர் உட்கார்கிற ஹாலில் ஏன் காது வலிக்க வேண்டும்? மிருதங்கத்துக்கு இரண்டு மைக், அதன் சத்தத்தில் தன் குரல் கேட்கவில்லை என்று பாடகர் தனக்குக் கூட்டச் சொல்கிறார். உடனே வயலின்காரர் கை காட்டுகிறார். ஆரம்பத்தில் இருந்ததைவிட இரண்டு பங்கு சத்தத்தில் மங்களம் பாடி முடிகிறது. தம்புராவின் மெல்லிய சுருதி எங்கே போனதென்றே தெரிவதில்லை.

கேட்பவர்கள் எழுந்து சொல்லலாம். ஒலி ஏற்பாடு பார்ப்பவர் நம்மைப் போல வேலை செய்ய வந்தவர். மரியாதையாகச் சொன்னால் குறைப்பார். நான் சொல்லியிருக்கிறேன், குறைத்திருக்கிறார்கள்.

அடுத்து மொழி. வாசகியின் பெரிய வருத்தம் இது.

1943-ல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியபோது கேட்கப்பட்டது நியாயமான ஒரு கேள்வி: தமிழ்நாட்டுக் கச்சேரியில் தமிழ்ப் பாட்டு ஏன் கடைசியில் துக்கடாவாக மட்டும் வர வேண்டும்? முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை, கோபாலகிருஷ்ண பாரதி, பாபநாசம் சிவன் என்று நமக்கு என்ன குறை? கொங்கு நாட்டுக்காரரான பெரியசாமித் தூரன், தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியராக இருந்தவர், எத்தனை அருமையான கீர்த்தனைகளைத் தந்திருக்கிறார்! இன்று நிலைமை முன்னைவிட எவ்வளவோ தேவலை. இளம் பாடகர்கள் தமிழ்ப் பாட்டை மெயினாகவே எடுத்து விரிவாகப் பாடுகிறார்கள். இன்னும் பாடட்டும்.

அதற்காகத் தியாகராஜரின் தெலுங்கை விட்டுவிட யாரும் சொல்லவில்லை. நமக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். "இது தோடி ராகம், ஆதி தாளம், தியாகராஜர் பாட்டு, ராமனிடம் இன்னது கேட்கிறார்." அரை நிமிஷம் ஆகுமா? அந்த அரை நிமிஷத்தில் எடப்புளி நாட்டிலிருந்து வந்த அம்மாவும், வாட்ச்மேன் வேலை முடித்துப் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவரும், பாட்டு கிளாஸுக்குப் போகிற பத்து வயதுக் குழந்தையும் உள்ளே வந்துவிடுகிறார்கள். சில பாடகர்கள் இதைச் செய்கிறார்கள். அவர்கள் கச்சேரியில் கூட்டம் கலைவதில்லை. சொல்வது வித்வத்துக்குக் குறைவு என்று நினைப்பவர்கள் தயவுசெய்து யோசிக்க வேண்டும். பேசக் கூச்சமாக இருந்தால், பாட்டுப் பட்டியலை வாசலில் ஒரு போர்டில் எழுதி வைக்கலாம்.

யுனெஸ்கோ 2017-ல் சென்னையை இசைக்கான படைப்பாற்றல் நகரங்களில் ஒன்றாகச் சேர்த்தது. நமக்கெல்லாம் பெருமைதான். மியூசிக் அகாடமி தொடங்கக் காரணமான 1927 காங்கிரஸ் மாநாட்டு இசை விழாவிலிருந்து பார்த்தால் நூறு வருஷம் ஆகப்போகிறது. மதிய நேரத்தில் இலவசமாகவே எத்தனையோ இளம் கலைஞர்கள் பாடுகிறார்கள். சென்னையில் சொந்தக்காரர் வீட்டுக்கு டிசம்பரில் போகிறவர்கள் கடற்கரை, கடைவீதி எல்லாம் போவது போல ஒரு மதியக் கச்சேரிக்கும் போய்ப் பாருங்கள். பத்துப் பேர் கேட்கிற இடத்தில் நீங்கள் பதினோராவது ஆளாக உட்கார்ந்தால், அந்தப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு!

ஆனால் எல்லோரும் சென்னைக்குப் போக முடியுமா? எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கிக் காரவள்ளிக்கு வந்து, நாமக்கல் போய், அங்கிருந்து ஆறேழு மணி நேரம் பஸ்ஸில் போவதற்குள் கச்சேரி ஆசையே போய்விடும்.

இங்கேதான் நான் நாயனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொல்லிமலையின் அடிவாரப் பக்கம், ராசிபுரம் தாலுகாவில், மஞ்சளுக்குப் பேர் போன நாமகிரிப்பேட்டை இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரை இந்தியா முழுக்கக் கொண்டு போனவர் நாதஸ்வர வித்வான் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன். சங்கீத கலாநிதி, பத்மஸ்ரீ, இரண்டும் பெற்றவர். நம் பக்கத்து மனிதர். அவருடைய வாசிப்பு யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. ஓர் இரவு வேலையெல்லாம் முடிந்த பிறகு போட்டுக் கேளுங்கள். காற்று எங்கே நிற்கிறது, எங்கே குழைகிறது என்று மட்டும் கவனியுங்கள் போதும்.

நாதஸ்வரம் டிக்கெட் இல்லாத சங்கீதம். கோயில் வீதியில், மரத்தடியில், கல்யாணப் பந்தலில் எல்லோர் காதுக்கும் பொதுவாக ஒலித்தது. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்க மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போனவர்கள் எல்லாம் ராகம் படித்தவர்களா? உழவர்கள், வண்டிக்காரர்கள், கடைக்காரர்கள். விடிய விடிய நின்று கேட்டார்கள். நம் சேலம், நாமக்கல் பக்கத்தில் தெருக்கூத்துக்கு விடிய விடிய உட்காரும் கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன். கர்ணன் விழுகிற வரை ஒருவரும் அசைய மாட்டார்கள். இந்தப் பொறுமையும் கவனமும் உள்ள ஜனங்களைவிடச் சிறந்த ரசிகர்களை எந்த சபாவும் எங்கே தேடும்?

ஆனால் நாதஸ்வரத்துக்கு இன்று நாம் செய்வது என்ன? சபாக்களில் முதல் நாள் மங்கள இசை என்று வைக்கிறார்கள். விருந்தினர்கள் வந்து சேராத நேரத்தில், காலி நாற்காலிகளுக்கு எதிரே வாசிக்க வைக்கிறார்கள். இது சபாக்களின் தவறு. கல்யாண வீடுகளில் நடப்பது நம்முடைய தவறு.

மண்டபத்துக்கு எவ்வளவு, டெக்கரேஷனுக்கு எவ்வளவு, போட்டோ வீடியோவுக்கு எவ்வளவு என்று பார்த்துப் பார்த்து ஒதுக்குகிறோம். மேளத்துக்கு மட்டும் கடைசியில் மிச்சம் இருப்பதில் பேரம் பேசுகிறோம். இப்போது செண்டை மேளமும் பேண்டும் வந்துவிட்டதால், "நாயனம் சும்மா தாலி கட்டுக்கு மட்டும் போதும்" என்று சொல்கிற வீடுகளும் உண்டு. செண்டை கேரளத்தின் மகத்தான கலை, அதன்மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் நம் வீட்டு வாசலில் நம் ஊர் நாயனக்காரர் கைகட்டி நிற்க வேண்டுமா?

நன்றாக வாசித்துக்கொண்டிருக்கும்போது, "பேசறது கேக்கல, கொஞ்சம் நிறுத்துங்க" என்று கை காட்டுகிறோம். ஒரு ராகத்தை எடுத்து மேலே போகும் நேரத்தில் புதுப் படப் பாட்டு கேட்டுச் சீட்டு வருகிறது. கடைசிப் பந்தியில் இலை போடுகிறோம். நாயனத்தில் வைத்து ஊதுகிற சீவாளி கொருக்கைத் தட்டையில் எத்தனை பக்குவத்தோடு செய்யப்படுகிறது, ஆச்சா மரத்தில் நரசிங்கம்பேட்டையில் குழல் கடைகிறவர்கள் எத்தனை தலைமுறையாகச் செய்கிறார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரியாமல் இருக்கலாம். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. வாசிப்பவருக்கு மூச்சு வாங்கும், பசிக்கும் என்பது தெரியும் அல்லவா?

தை பிறந்தால் கல்யாணக் காலம். இந்த இதழைப் படிக்கிற வீடுகளில் எத்தனையோ கல்யாணம் நடக்கப் போகிறது. என் வேண்டுகோள் இது. முகூர்த்தத்துக்கு முந்தின மாலை ஒரு மணி நேரம் நாதஸ்வரக் கச்சேரிக்கு என்று ஒதுக்குங்கள். மேளக்காரர்களை மேடையில் உட்கார வையுங்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவர்களில் இருபது பேராவது முன்னால் உட்கார்ந்து கேட்கட்டும். மேளக்காரர்களுக்குப் பிடித்த ராகத்தை வாசிக்கச் சொல்லுங்கள். சினிமாப் பாட்டு வேண்டுமா, அதற்கப்புறம் கேளுங்கள், சந்தோஷமாக வாசிப்பார்கள். சாப்பாடு முதல் பந்தியில். அழைப்பிதழில் மண்டபத்தின் பெயர் போடுகிறோமே, நாதஸ்வர, தவில் வித்வான்களின் பெயரையும் போடுங்கள். முன்பெல்லாம் அப்படிப் போட்டார்கள்.

பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க ஆசைப்படும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சேலத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் எல்லாம் மூன்று ஆண்டுப் படிப்பாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். வாத்தியார் வீட்டு ஃபீஸ் கட்ட முடியாத குடும்பங்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. தவில் வாசிக்கும் பெண் பிள்ளைகளும் இப்போது வருகிறார்கள்.

கொல்லிமலையில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே மாலையில் ஒரு கச்சேரி நடந்தால் எப்படி இருக்கும்? முடியாத காரியம் இல்லை. 1977-ல் டெல்லி ஐ.ஐ.டி.யில் கிரண் சேத் என்ற பேராசிரியர் தொடங்கிய ஸ்பிக் மெக்கே அமைப்பு, பெரிய பெரிய வித்வான்களை நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களுக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து ஓர் அடி தூரத்தில் கேட்கிறார்கள். சென்னையிலேயே ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் வீடுகளுக்கு நடுவே கச்சேரியும் பறையும் ஒரே மேடையில் நடந்திருக்கின்றன. கொல்லிமலைச் செம்மேட்டில் ஏன் நடக்கக் கூடாது? சேர்வை ஆட்டக்காரர்கள் முதலில் ஆடட்டும். வந்திருக்கும் வித்வான்கள் உட்கார்ந்து பார்க்கட்டும். அப்புறம் அவர்கள் வாசிக்கட்டும். மலையில் இருப்பவர்களுக்கு ஏதோ கற்றுத்தரப் போகிறோம் என்ற எண்ணம் யாருக்கும் வேண்டாம். அங்கே கேட்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ஆடத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள்.

எடப்புளி நாட்டு வாசகிக்கு நான் தனியாகவும் பதில் எழுதியிருக்கிறேன். அடுத்த மார்கழியிலும் கட்டாயம் மகள் வீட்டுக்குப் போங்கள், தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து போகாதவர்கள் பக்கத்தில் உட்காருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்த இதழிலிருந்து மாதம் ஒரு ராகம் என்று ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். ஒரு கீர்த்தனை, ஒரு தேவாரம், ஒரு சினிமாப் பாட்டு, ஒரு நாதஸ்வரப் பதிவு என்று எங்கே கேட்கலாம் என்ற விவரத்தோடு வரும். முதல் ராகம் நாட்டை, இரண்டாவது நவரோஜ். உங்கள் ஊரில் நன்றாக வாசிக்கிற நாதஸ்வர, தவில் குழு இருந்தால், அவர்களிடம் கேட்டுக்கொண்டு விவரம் எழுதி அனுப்புங்கள். தை மாதக் கல்யாணங்களுக்கு முன்னால், சேலம், நாமக்கல் மாவட்டக் கலைஞர்களின் பட்டியல் ஒன்றை வெளியிட வேண்டும் என்று நினைக்கிறோம். கடிதங்கள் மார்கழி 20-க்குள் கிடைத்தால் வசதியாக இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்